37 குதிரையும் 40 குதிரையும்: பெங்களூரில் ஒரு மஸ்டாங், மூன்று பவர் பேக்

இது 2022 ஜூனில் ஃப்ரேசர் டவுன் பக்கம் ஒரு தர்சினியில், நின்றபடி இட்லி சாப்பிடும் மேஜையில், ஒரு காரின் சக்தியைக் கூட்டுவது பற்றி ஆரம்பித்த வாக்குவாதம். முடிய ஏழு மாதம் ஆனது. முடிந்ததா என்று கேட்டால் அதுவும் சந்தேகம்தான். நடுவில் நாங்கள் அளந்தது, தப்பாக நினைத்தது, செலவு செய்தது எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. பகலில் எனக்கு இன்ஜின் கேலிப்ரேஷன் வேலை. அதனால் குறிப்பெடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வண்டி ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, 2017 பதிவு, சிவப்பு. அண்ணன் அதை இரண்டாவது கையாக வாங்கினார். சொந்த அண்ணன் இல்லை, அல்சூரில் எங்கள் தெருக்காரர். ஆனால் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். மற்றவர்கள் மூன்று பேர். ஜே.சி. ரோட்டில் முப்பது வருடமாக உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மாமா. ஒரு ஜெர்மன் டர்போ காருக்கு ‘ஸ்டேஜ் 1’, அதாவது சக்தியைக் கூட்டும் மென்பொருள், போட்டுவிட்டு அதைப் பற்றியே பேசும் என் மச்சான். அப்புறம் ஒரு ட்யூனிங் கடையில் வேலை பார்க்கும் தம்பி, இருபத்து நாலு வயசு, லேப்டாப்பைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டான்.

மஸ்டாங் இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தது 2016 ஜூலையில். டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் ஃப்ளாட் ராக் ஆலையில் முழுதாகச் செய்து கப்பலில் வந்த வண்டி. தொழிற்சாலையிலேயே வலதுபக்க ஸ்டியரிங்கோடு வந்த முதல் மஸ்டாங் தலைமுறையும் இதுதான். 5 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர், காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ கிடையாது, 6 கியர் ஆட்டோமேட்டிக். அமெரிக்காவில் இதே இன்ஜினுக்கு 435 ஹெச்பி (குதிரைத்திறன்) என்று போட்டிருந்தார்கள். நம் ஊர் பிரசுரத்தில் ஏறக்குறைய 396. அண்ணனுக்குத் தூக்கம் கெட்டது இங்கேதான்.

“ஏறத்தாழ நாப்பது குதிரை எங்கடா போச்சு?” என்பார், யாரோ கொட்டகையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போன மாதிரி.

தம்பி ஒரு பதில் வைத்திருந்தான். ஃபோர்டின் சொந்தப் பந்தயப் பிரிவான ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ், 2015க்குப் பிந்தைய மஸ்டாங் ஜிடிக்கு மூன்று ‘பவர் பேக்’ விற்றது. முதல் பேக்கில் ஏர் ஃபில்டரும், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவுக்குப் புது மென்பொருளும், 13 ஹெச்பி கூடும். இரண்டாவதில் காற்று உள்ளே நுழையும் வாயான த்ராட்டில் பாடி 80 மில்லிமீட்டருக்குப் பதில் 87 மில்லிமீட்டர், 21 ஹெச்பி. மூன்றாவதில் ஷெல்பி ஜிடி350 காரின் இன்டேக் மேனிஃபோல்டே (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) வந்துவிடும், 37 ஹெச்பி, இன்ஜின் சுழற்சியின் உச்ச எல்லையான ரெட்லைன் 7,500 ஆர்பிஎம்முக்கு ஏறும். மூன்றும் நிறுவனமே சோதித்துக் கொடுத்தவை. அமெரிக்காவில் டீலரிடம் மாட்டினால் வாரண்டியும் உண்டு.

முப்பத்தேழு என்று கேட்டதுமே அண்ணன் மனதில் வண்டி 433 ஆகிவிட்டது. இட்லி ஆறியது.

முதல் சண்டை: டார்க்கா, ஹெச்பியா

மச்சான் முதலில் கிண்டலில்தான் இறங்கினான். தன் டர்போ வண்டியில் மென்பொருள் மட்டும் மாற்றி ஐம்பது குதிரை வாங்கியவனுக்கு 13, 21 எல்லாம் சில்லறை. இதில் அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டர்போவில் பூஸ்ட்டை, அதாவது அது தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கொஞ்சம் ஏற்றினால் சிலிண்டருக்குள் காற்று அதிகம் போகும். டர்போ இல்லாத இன்ஜினில் வெளிக்காற்று தானாக எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுதான். மென்பொருளால் தீப்பொறி நேரத்தையும் எரிபொருள் அளவையும் திருத்தலாம், இல்லாத காற்றைக் கொண்டுவர முடியாது.

நான் பிடித்துக்கொண்ட இடம் வேறு. மூன்றாவது பேக்கில் உச்ச ஹெச்பி 37 கூடுகிறது, உச்ச டார்க், அதாவது சுழற்றும் விசை, கூடுவது 7 நியூட்டன் மீட்டர் மட்டும். இரண்டாவதில் ஹெச்பி 21தான், ஆனால் டார்க் 33 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. ஹெச்பி என்பது டார்க்கையும் சுழற்சியையும் பெருக்கி வருவது. டார்க் ஏறாமல் ஹெச்பி மட்டும் ஏறினால் அந்தக் குதிரைகள் எல்லாம் ரெட்லைன் பக்கம் கட்டியிருக்கின்றன என்று அர்த்தம். ஜிடி350யின் மேனிஃபோல்டு வேகச் சுழற்சிக்காக வடிவமைத்தது. கீழ்ச் சுழற்சியில் அதனால் பெரிய லாபம் கிடையாது.

தர்சினியின் டிஷ்யூவிலேயே கணக்குப் போட்டேன். இந்த கியர்பாக்ஸில் இரண்டாம் கியர் விகிதம் 2.34. அந்த கியரில் 7,500 ஆர்பிஎம் தொட்டால் வண்டி நூற்றுப் பத்தைத் தாண்டியிருக்கும். நம் ஏர்போர்ட் ரோட்டின் வேக வரம்பே 80. டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டில் முதல் கியரைத் தாண்டுவதே வரம்.

“அப்ப பேக் 2 போடலாமா?” என்றார் அண்ணன் உடனே. ஏதாவது ஒன்று போட்டே ஆகவேண்டும் என்ற முடிவோடுதான் அவர் வந்திருந்தார். இந்த மாதிரி ஆய்வுகள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும்.

93 என்றால் 93 இல்லை

மூன்று பேக்குக்கும் அமெரிக்க பிரீமியம் பெட்ரோல் வேண்டும், 93 ஆக்டேன். பெட்ரோல் நேரம் தவறி வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண் அது. மாமா இதைக் கேட்டதும், “நம்ம பங்க்ல சாதாவே 91, ரெண்டுதானே குறையுது, கொஞ்சம் ஸ்பெஷல் கலந்தா ஆச்சு” என்றார். மேஜையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். தம்பியும்கூட. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அமெரிக்க பங்கில் எழுதியிருக்கும் எண் இரண்டு விதமான சோதனைகளின் சராசரி. நம் பங்கில் எழுதியிருப்பது அதில் ஒன்று மட்டும், ஆர்ஓஎன். இந்த ஒன்று எப்போதும் பெரிதாகத் தெரியும். அவர்களுடைய சாதா 87 என்பது ஏறக்குறைய நம் 91. அவர்களுடைய 93 நம் கணக்கில் 97, 98. ஆக குறைவது இரண்டு இல்லை, ஆறேழு. அந்த மென்பொருளை ஏற்றிவிட்டு 91 போட்டு ஓட்டினால் நாக்கிங்கில்தான் முடியும். சிலிண்டருக்குள் கலவை நேரம் தவறி வெடிப்பது. சென்சார் அதைக் கேட்டதும் ஈசியு தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய குதிரையை வண்டியே கழற்றி வைத்துவிடும்.

நல்லவேளை, இந்த விஷயத்தில் பெங்களூருக்கு வசதி இருந்தது. இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர் 99 இங்கே கிடைத்தது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேனை டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்க்கு அறிமுகப்படுத்தி, பெங்களூரையும் அடுத்த கட்டப் பட்டியலில் வைத்திருந்தது.

“இப்ப வண்டியில என்ன பெட்ரோல் போடறீங்க?” என்று அப்போதுதான் கேட்டேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “டிரைவர்தான் போடுவான்” என்றார்.

லாகர் சொன்னது

அடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்தே கால். மேக்ரி சர்க்கிள் தாண்டி பல்லாரி ரோட்டில் வண்டி, நான் பக்கத்து சீட்டில், மடியில் லேப்டாப். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன அடாப்டர், அதிலிருந்து ஃபோர்ஸ்கேன் மென்பொருளுக்கு எண்கள் வந்துகொண்டிருந்தன. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு எண்: ஆக்டேன் அட்ஜஸ்ட் ரேஷியோ.

ஃபோர்டின் ஈசியு தனக்குள் வைத்திருக்கும் அபிப்பிராயம் அது. தொட்டியில் இருப்பது நல்ல பெட்ரோலா, மட்டமா என்று ஓட்ட ஓட்ட நாக் சென்சாரைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும். மைனஸ் 1 என்றால் நல்ல பெட்ரோல், தீப்பொறியைத் தாராளமாக முன்னே கொண்டுபோகலாம். பிளஸ் 1 என்றால் மோசம், பதுங்கிப் போ. திரையில் வந்தது பிளஸ் 0.4.

அண்ணனிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு எண் புரியவில்லை, பிளஸ் என்றதும் நல்லது என்று நினைத்துச் சிரித்தார். விளக்கிய பிறகு டிரைவருக்கு போன் போட்டார். சாதா பெட்ரோல்தான், வாங்கின நாளிலிருந்தே. அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. என்ன போடவேண்டும் என்று யாருமே அவனிடம் சொன்னதில்லை.

போகிற வழியில் இன்னொன்றும் தெரிந்தது. ஹெப்பால் மேம்பாலத்தடியில் இருபது நிமிடம் நின்று ஊர்ந்ததில், வெளியே 24 டிகிரி இருக்கும்போது இன்ஜினுக்குள் போகும் காற்று 50ஐத் தொட்டது. ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு குறையும். ரோடு திறந்து வண்டி வேகமெடுத்ததும் ஒரு நிமிடத்தில் 32க்கு இறங்கியது. பெரிய ஃபில்டர், பளபளக்கும் குழாய் எல்லாம் சரிதான். ஆனால் பெங்களூர் டிராஃபிக்கில் அது எந்தக் காற்றை இழுக்கிறது என்பதும் கேள்வி.

அதற்கப்புறம் அண்ணன் 99 தவிர வேறு எதையும் தொட்டிக்குள் விடவில்லை. 61 லிட்டர் தொட்டி, மூன்று முறை நிரப்பி ஓட்டிய பின் எண் மைனஸ் 1க்கு வந்து நின்றது. ஒரு போல்ட்டும் கழற்றவில்லை.

டைனோ தாளின் அடியில் சின்ன எழுத்து

தம்பிக்கு இந்த எண்ணில் முதலிலிருந்தே திருப்தி இல்லை. சக்கரத்தில் வரும் சக்தியை அளக்கும் உருளை மேடையான டைனோவில் ஏற்றிக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வேன் என்றான். பெட்ரோல் மாற்றும் முன் ஒரு முறை, மாற்றிய பின் ஒரு முறை, ஒரே டைனோவில் ஓட்டினோம். சக்கரத்தில் 322, பிறகு 331. ஒன்பது குதிரை கூடியது என்று தம்பி கைதட்டினான். எனக்கு அந்த ஒன்பதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. டயர் சூடு, கட்டும் பெல்ட்டின் இறுக்கம், அன்றைய காற்று என்று எது மாறினாலும் அந்த அளவு ஏறி இறங்கும். மைனஸ் 1 என்ற எண்ணைத்தான் நான் நம்புகிறேன்.

தாளைக் கையில் வாங்கிப் பார்த்த மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அடியில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார். “இது என்ன 1.11?”

இத்தனை நாள் பேசியதில் உருப்படியான கேள்வி அதுதான். டைனோக்கள் அளந்ததை அப்படியே காட்டுவதில்லை. எந்த ஊரில், எந்த நாளில் ஓட்டினாலும் ஒப்பிட முடியவேண்டும் என்பதற்காக ஒரு திருத்தக் காரணியால் பெருக்கித்தான் அச்சடிக்கும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிடப் பத்து விழுக்காடு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 1.11. அதாவது தாளில் இருக்கும் 331ஐ 1.11ஆல் வகுத்தால் 298. பெங்களூர் ரோட்டில் சக்கரத்துக்கு உண்மையில் போவது அதுதான்.

அண்ணனுடைய முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும்.

டர்போ இல்லாத இன்ஜினுக்குக் காற்று பத்து விழுக்காடு குறைந்தால் சக்தியும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். 396இல் பத்து விழுக்காடு 40. பிரசுரத்தில் காணாமல் போன நாற்பதைத் தேடி ஏழு வாரம் சண்டை போட்டோம். இங்கே வீட்டு வாசலிலேயே இன்னொரு நாற்பது தினமும் காணாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மூன்றாவது பேக் வாங்கி, கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் கட்டி, மாட்டி முடித்தாலும் வருவது 37. அதுவும் கடல் மட்டக் கணக்கில். இங்கே அதிலும் பத்து விழுக்காடு கழியும்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. சென்னையில் 36 டிகிரி வெயில், இங்கே 26 என்றால், குளிர்ந்த காற்றின் அடர்த்தியால் மூன்று விழுக்காடு போல நமக்குத் திரும்பக் கிடைக்கும். இதைச் சொன்னதும் மச்சான், “என் வண்டிக்கு இந்த வியாதியே இல்ல” என்றான். பாதி சரி. டர்போ கொஞ்சம் அதிகம் சுழன்று குறையை நிரப்பிக்கொள்ளும், அதற்குச் சூட்டில் விலை கொடுக்கும்.

மாமா மட்டும் பேசிய பகுதி

சட்ட விஷயத்தில் மற்ற நாலு பேருக்கும் அக்கறை இல்லை. மாமாவுக்கு இருந்தது. கடை வைத்திருப்பவருக்கு இருக்கத்தானே செய்யும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, நிறுவனம் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதியாகவே சொன்னது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

தம்பி விடவில்லை. “மாமா, இது ஃபோர்டே விக்கிற பார்ட்டு. வெளி சாமான் இல்ல.” கெட்ட வாதம் இல்லை. ஆனால் ஃபோர்டு இந்த வண்டியை இந்தியாவில் எந்த அமைப்போடு ஒப்புதல் வாங்கி விற்றதோ அதில் பவர் பேக் இல்லை. இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாட்டிவிட்டு, பிறகு விபத்தில் க்ளெய்ம் கேட்டால் அவர் முதலில் திறப்பது பானெட்டைத்தான்.

அப்புறம் வாரண்டி. இந்தப் பேக்குகளுக்கு இருந்த பெரிய பெருமையே அதுதான். நிறுவனம் மாட்டுகிறது, நிறுவனமே பொறுப்பு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபோர்டு ஆலை உள்ள மறைமலை நகர்க்காரர்களுக்கு அந்தச் செய்தி வந்த நாள் நன்றாக நினைவிருக்கும். இங்கே பேக் மாட்டிக் கெட்டுப்போனால் அதற்காகப் போய் நிற்க ஒரு கவுண்டர் இல்லை. வாரண்டி இல்லாத பவர் பேக், ஊர்க் கடையில் போடும் மென்பொருளைவிட எந்த வகையில் மேல் என்று மாமா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. ‘நன்றாகச் சோதித்தது’ என்பது மட்டும் மிச்சம். என்னைக் கேட்டால் அதுவும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அமெரிக்க பெட்ரோலிலும் அமெரிக்கக் காற்றிலும் சோதித்தது.

டயர்

டைனோவிலிருந்து வண்டியை இறக்கும்போதுதான் தம்பி பின் டயர் பக்கம் குனிந்தான். பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண்: 1417. பதினாலாவது வாரம், 2017. வண்டி பதிவான காலத்து டயர். டயரின் பூ (ட்ரெட்) இன்னும் நிறைய இருந்தது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. நகத்தால் அழுத்தினால் தடமே விழவில்லை. ரப்பர் மரக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. ஈரத்தில் வண்டி அடிக்கடி வாலை ஆட்டுகிறது, அது வி8இன் வலிமை என்று அண்ணன் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

நாலு டயரும் மாற்றினார். பேக்குக்கு ஒதுக்கிய பணத்தில் கணிசமான பகுதி அங்கே போனது. முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார், ஏனென்றால் டயரில் ஹெச்பி எழுதியிருக்காது. ஆனால் அடுத்த மழையில் வண்டி வால் ஆட்டவில்லை, முன்பு சக்கரம் சுழன்று வீணான சக்தி ரோட்டில் இறங்கியது. அந்த வாரம் அவரே போன் செய்து, “ஏதோ பேக் போட்ட மாதிரி இருக்குடா” என்றார். நான் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன், பின்னாடி உதவும் என்று.

இருங்காட்டுக்கோட்டை

2023 ஜனவரியில், மச்சான் சொல்லி, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஒரு நாள் ஓட்டப் பதிவு செய்தோம். 3.7 கிலோமீட்டர் பாதை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், கிட்டத்தட்ட கடல் மட்டம். கிருஷ்ணகிரி தாண்டி வாணியம்பாடி இறங்கும்போதே அண்ணன், வண்டி இழுவை மாறுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். நினைப்பா, நிஜமா என்று என்னால் சொல்ல முடியாது. கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது.

ட்ராக்கில் மூன்றாவது பேக்குக்கு ஒரு நியாயம் கிடைத்தது, அதை மறைக்கக் கூடாது. நேர்ப்பாதையில் ஊசி 6,500ஐத் தொட்டு, இன்னும் கொஞ்சம் இருந்தால் கியர் மாற்றாமல் அடுத்த வளைவு வரை போகலாமே என்று தோன்றிய இடம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இருந்தது. 7,500 ரெட்லைனுக்கு அர்த்தம் அங்கே உண்டு. வாரா வாரம் அந்த மாதிரி இடத்தில் ஓட்டுகிறவருக்கு நான் பேக் 3 வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் நாலாவது சுற்றில் அண்ணன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போனதாம். சக்கரத்திலிருந்து கருகிய வாடை. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டால், வாங்கிய பிறகு மாற்றவில்லை. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் குணம் அதற்கு. ஈரம் ஏறிய டாட் 4க்கு விதி வைக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155தான். ட்ராக்கில் அந்தச் சூடு சர்வ சாதாரணம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியை அழுத்தினால் பெடல்தான் போகும், வண்டி நிற்காது. நாற்பது குதிரையைத் தேடிய ஏழு மாதத்தில் நாங்கள் ஐந்து பேரும், நானும் சேர்த்துத்தான், ஒரு தடவைகூட அந்த டப்பாவின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் வேலூர் தாண்டி ஒரு டீக்கடை. வண்டியை மெதுவாகவே ஓட்டி வந்தோம். அண்ணன் டிஷ்யூவில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்: பிரேக் ஆயில், முன் பேட், ஹோஸ். கடைசியில் ஒரு கோடு போட்டு அதன் கீழே ‘பேக் 3’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி.

மாமா அதை எட்டிப் பார்த்துவிட்டு டீயை உறிஞ்சினார். மச்சான்தான் சொன்னான்: “அண்ணே, பேசாம அல்சூர் வீட்டைக் காலி பண்ணிட்டு சென்னைக்குக் குடி வந்துடுங்க. நாப்பது குதிரை இலவசம்.”

“வாடகையும் கம்மிதான்” என்றார் மாமா.

அண்ணன் அந்தக் கேள்விக்குறியை இன்னும் அடிக்கவில்லை.